புத்தகப் பாடு

தாரண வருஷம், ஆவணி 10
முத்தியாலுப்பேட்டை, சென்னப்பட்டணம்

கோட்டைக்குப்பம் மச்சான் கங்காதரன் அவர்களுக்கு ராஜவேலு வணக்கத்துடன் எழுதுவது.

நானும் உங்கள் தங்கை காந்தாவும் இங்கே நலமாக இருக்கிறோம். நீங்களும் வேலம்மாள் அக்காவும் அங்கே நலமென்று கிளிஞ்சல் படகு பொன்னுரங்கம் சொல்லித் தெரிந்துகொண்டேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று எழுதவும்.

வாசித்துக் காட்ட ஒரு கதைப் புத்தகம் வேண்டுமென்று கேட்டிருந்தீர்கள். பொன்னுரங்கம் கையில் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். அச்சுப் புத்தகம், என் கையால் கட்டியது. நனையாமல் எண்ணெய்த் துணியில் சுற்றியிருக்கிறேன்.

என் கடையைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தப் பட்டணத்தில் புத்தகம் விற்பவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு எசமான் உண்டு. பாதிரிமார் கடையில் பாதிரிமார் புத்தகம்தான் இருக்கும். மடத்துக் கடைக்குப் போனால் மடத்துப் புத்தகம். நம்முடையது யாருக்கும் கைகட்டி நிற்காத கடை. நல்லதாகப் பட்டால் வைப்போம், படாவிட்டால் வைக்க மாட்டோம். எட்டடிக்கு ஆறடி இடம்தான், மழைக்கு ஒழுகும், ஆனாலும் வாடிக்கைக்காரர் தேடி வருகிறார்கள். காரணம் நறுக்கு. ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் வைக்கிறோம். யார் படிக்கலாம், யார் படிக்க வேண்டாம், ஏன் என்று அதில் நாலு வரி இருக்கும். புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் எல்லாரும் நறுக்கைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். என் யோசனைதான்.

காந்தா அடுப்படியில் இருக்கிறாள். அண்ணனைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
ராஜவேலு


தாரண வருஷம், ஆவணி 29
கோட்டைக்குப்பம், பழவேற்காடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு கங்காதரன் எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். முழங்காலும் இருக்கிறது, அதன் இஷ்டத்துக்கு. காந்தாவுக்கு ஒரு கூடைக் கருவாடு பொன்னுரங்கத்திடம் கொடுத்திருக்கிறேன். வழியில் அவன் பாதியைத் தின்னாமல் இருந்தால் வந்து சேரும்.

புத்தகம் நனையாமல் வந்தது. அது வாசிக்கப்பட்ட கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். மீன் பிடிக்கப் போகாத நாட்களில் வலைக்கொட்டகையில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிச்சிட்டுச் சேர்ப்பார்கள். கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் குந்திய தோஷத்துக்கு நான் அவர்களுக்கு வாசிக்க வேண்டும். வாசிக்கும் முன் விளக்கேற்றிக் காப்புப் பாட்டு ஒன்று சொல்வது வழக்கம். உங்கள் அச்சுக்காரர்கள் காப்பே போடவில்லை. முதலில் இருந்தது நறுக்குதான். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது, எல்லாரும் கைகூப்பி நிற்கிறார்கள், நான் என்ன செய்ய? அதையே ராகம் போட்டு வாசித்துவிட்டேன்.

‘இந்தக் கதையில் முதல் பத்துப் பக்கம் மணல்திட்டு. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அதற்கப்பால் நல்ல ஆழம். மாமியாரோடு சண்டை போட்டவர்கள் படிக்கலாம். சண்டையே போடாதவர்களுக்கு வேண்டாம், அவர்கள் நம்ப மாட்டார்கள்.’

கைகூப்பிய கையோடு எல்லாரும் சிரித்தார்கள். பத்துப் பக்கம் வரை வாயைத் திறக்காமல் இருந்தார்கள், திட்டு தாண்டட்டுமென்று. பதினோராம் பக்கத்தில் ஆழம் வந்தது, மாப்பிள்ளை. சொன்னபடி வந்தது.

இப்போது ஊரே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. முகத்துவாரத்தில் வலை போட எங்களுக்குள் முறை உண்டு. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னார் என்று வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். அந்த நாளில் அந்த இடத்து மீன் அவருக்கு, வேறு யாரும் கை வைக்கக்கூடாது. கோயிலுக்கென்று ஒரு பாடு தனியாக உண்டு. ஊர்ப்பெரியவர் திருவேங்கடம் இனி மாதம் ஒரு பாடு புத்தகத்துக்கு என்று சொல்லிவிட்டார். அன்றைய மீன் புத்தகம் வாங்க. அதனால் புத்தகக் கட்டுக்குள் வருவது எல்லாம் ஊருக்குப் பொது. நறுக்கை நான் முதலில் வீட்டில் வைத்துத் தனியாகப் படிக்கக்கூட விடுவதில்லை. கட்டைக் கொட்டகையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்த புத்தகத்தை அனுப்பவும். நறுக்கு முக்கியம். காந்தாவுக்கு என் ஆசீர்வாதம்.

கங்காதரன்


தாரண வருஷம், புரட்டாசி 16
முத்தியாலுப்பேட்டை

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுதவும். கருவாடு பாதிக்கு மேல் வந்து சேர்ந்தது.

நறுக்கைக் காப்பாக வாசித்ததைப் படித்து நான் சிரித்தேன். காந்தாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், முனியம்மா அத்தை இருந்தாரா என்று கேட்டாள். மறுபடி ஒருதரம் வாசிக்கச் சொன்னாள். அன்றிலிருந்து வேலையில் கொஞ்சம் நிதானமாகிவிட்டாள். அச்சுக்கூடத்திலிருந்து வருகிற பெரிய தாள்களை மடித்து, கீழே உள்ள எழுத்துக்குறியைப் பார்த்து வரிசையாக அடுக்குவது அவள் வேலை. கலியாணமான புதிதில் அதற்காகத்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது மடிப்பதற்கு முன் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

இன்னொரு விசேஷம். கும்பனியாரிடம் உத்தரவு வாங்கிப் புதிதாக அச்சுக்கூடம் வைத்திருக்கும் வேதாசலம் என்ற பெரிய மனிதர் பல்லக்கில் கடைக்கு வந்தார். பதினெட்டு நறுக்கு வாசித்துவிட்டு, “இத்தனை சுருக்கமாக எழுதுகிற ஆளை நான் பார்த்ததில்லை” என்றார். உட்கார வைத்து வெற்றிலை கொடுத்தேன். இதில் ஏதோ நல்லது நடக்குமென்று தோன்றுகிறது.

இதனுடன் வருவது மூன்று வைத்தியர்களின் கதை. நறுக்கு உள்ளே இருக்கிறது.

ராஜவேலு


தாரண வருஷம், ஐப்பசி 4
கோட்டைக்குப்பம்

மாப்பிள்ளைக்கு,

வானம் கறுத்துவிட்டது. இதுதான் மழைக்கு முன் கடைசிப் படகு என்கிறான் பொன்னுரங்கம். அதனால் நலம் விசாரிப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். நலம்தானே?

வைத்தியர் கதை முடிந்தது. முனியம்மா மூன்றாவது வைத்தியனை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நான் எழுத வந்தது நறுக்கைப் பற்றி. அதில் இருந்ததை உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

‘இதை அவசரப்பட்டுப் படித்தால் ஒன்றும் அகப்படாது. சேற்றில் இறால் தடவுவது போலக் கையைத் தரையோடு வைத்துக்கொண்டு நகரவேண்டும். குதிகாலில் வந்து முட்டும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது, கை மட்டும் போகவேண்டும்.’

வாசித்து நிறுத்தினேன். எங்கள் உப்பங்கழியில் கையால் இறால் தடவுவது பெண்கள் வேலை. ஆண்கள் வலையோடு சரி. குதிகாலில் முட்டும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் அப்பா பட்டணத்துக் கரையில் அலைப்படகு வலித்தவர். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

வேலம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “இது ஆம்பள எழுதுனது இல்ல. எறா தடவுன கை எழுதுனது” என்றாள். முனியம்மா ஊசியைக் கீழே வைத்தாள். “எங்கூட அஞ்சு வருசம் தடவுனவ. அவ கை எனக்குத் தெரியாதா இன்னா?” என்றாள்.

மாப்பிள்ளை, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நறுக்கு எழுதுவது காந்தாவா? ஆமாம் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஊருக்கு அதைவிட.

கங்காதரன்


தாரண வருஷம், மார்கழி 3
முத்தியாலுப்பேட்டை

மச்சானுக்கு,

இரண்டு மாதமாகப் படகு இல்லை, கடிதமும் இல்லை. கால்வாய்க் கரை உடைந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைக் கூரை போய்விட்டது. பத்துக் கட்டுப் புத்தகம் நனைந்து உப்பிவிட்டது. காந்தாவும் நானும் ஒவ்வொரு தாளாகக் கொடியில் போட்டோம். புயலில் உங்கள் ஊரில் உயிர்ச்சேதம் ஒன்றும் இல்லையென்று பொன்னுரங்கம் சொன்ன பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கியது.

நீங்கள் கேட்டிருந்த விஷயம். பெண்கள் நாலு பேர் கூடினால் நாலு விதமாகப் பேசுவார்கள். அதையெல்லாம் நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

வேதாசலம் அவர்கள் மறுபடி ஆள் அனுப்பினார். தம் அச்சுக்கூடத்துக் கட்டு வேலை முழுவதையும், விற்பனையையும் என் பொறுப்பில் விடுவதாகச் சொல்கிறார். கல் கட்டிடம், ஓட்டுக்கூரை. இந்த மழைக்குப் பிறகு அதைக் கேட்க எப்படி இருந்ததென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர் பக்கத்தில் ஒரே ஒரு சின்ன எதிர்பார்ப்பு உண்டு. அது முடிந்துவிடும்.

புத்தகம் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை நறுக்கு இல்லை. எனக்கு வேலை அதிகம். காந்தாவுக்கும் தலைவலி.

ராஜவேலு


தாரண வருஷம், மார்கழி 19
கோட்டைக்குப்பம்

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். நாலு கட்டுமரம் போனது, ஆட்கள் தப்பினார்கள்.

நறுக்கு இல்லாத புத்தகம் வந்தது. கட்டைப் பிரித்து உதறிப் பார்த்தார்கள். கற்பூரம் எரிந்து அணைந்தது, வாசிக்கக் காப்பு இல்லை. நான் நேரே கதையில் இறங்கினேன். காப்பில்லாத கதையைக் கேட்டால் வலை கிழியும் என்றார் திருவேங்கடம். மறுநாள் அவர் வலையே கிழிந்தது. பாறையில் மாட்டிக் கிழிந்ததைப் புத்தகத்தின் தலையில் கட்டிவிட்டார். இரண்டாம் நாள் வாசிப்புக்கு வேலம்மாளும் ஒரு நாயும் வந்தார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு வேலை அதிகமென்றால் நறுக்கு வராது, சரி. காந்தாவுக்குத் தலைவலி என்றால் நறுக்கு ஏன் வரவில்லை?

அவளை இரண்டு வரி எழுதச் சொல்லவும்.

கங்காதரன்


தாரண வருஷம், தை 21
முத்தியாலுப்பேட்டை

மச்சான் அவர்களுக்கு அந்தரங்கமாக எழுதிக்கொள்வது.

உங்கள் உடம்பு, அக்கா உடம்பு எல்லாம் தேவலை என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்டது உண்மை. நறுக்கெல்லாம் காந்தா எழுதியதுதான். முதல் நறுக்கிலிருந்து அவள்தான். தாள் மடிக்க எழுத்துக்குறி சொல்லிக் கொடுத்தேன், அவள் தாளையே படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் கடையில் இருந்த புத்தகத்தைக் காட்டி, இதை யாருக்கு விற்கக்கூடாது என்று சொன்னாள். சரியாக இருந்தது. எழுது என்றேன். எனக்குக் கட்டத் தெரியும், மச்சான். படித்துச் சொல்ல வராது. யாராவது நறுக்கைப் புகழ்ந்தால் நான் தலையாட்டினேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

இப்போது விஷயம் இது. வேதாசலம் அவர்கள் தாமே ஒரு நூல் இயற்றி அச்சிட்டிருக்கிறார். ‘புத்திமதித் திறவுகோல்’ என்று பெயர். அதற்கு என் கையால் ஒரு நறுக்கு வேண்டும், ஒவ்வொரு பிரதியிலும் வைத்துக் கட்டவேண்டும் என்கிறார். அவர் சொன்ன சின்ன எதிர்பார்ப்பு இதுதான். நறுக்கு போனால் வேலை நிச்சயம். காந்தா கார்த்திகை மாதமே திறவுகோலைப் படித்து முடித்தாள். அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை. எழுதமாட்டேன் என்கிறாள். கெஞ்சினேன், கோபித்தேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். காரணம் கேட்டால் ஒன்று சொல்கிறாள், அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

பங்குனிக்குள் கொடுக்காவிட்டால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும். இப்போது ஒப்புக்குப் போட்டிருக்கும் கூரை அடுத்த மழையைத் தாங்காது. நீங்கள் நேரில் வந்து அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். அண்ணன் பேச்சைத் தட்டமாட்டாள். அவள் எழுதுவது வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் என் முகம் போய்விடும்.

பொன்னுரங்கம் கையில் கடிதமாகக் கொடுத்தால் யாரிடமாவது காட்டி வாசித்துவிடுவான். ஆகையால் புத்தகக் கட்டுக்குள் முதல் பக்கத்தில் பத்திரமாக வைத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

ராஜவேலு


தாரண வருஷம், மாசி 8
கோட்டைக்குப்பம்

மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் நலம். உங்களைத்தான் எல்லாரும் விசாரிக்கிறார்கள்.

எப்படி எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படகு வந்த அன்று நான் வலைநூல் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தேன். கட்டை ஊர் விதிப்படி கொட்டகையில் பிரித்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் எழுதிய தாள் இருந்தது. நறுக்கு வந்துவிட்டதென்று ஒரே கொண்டாட்டம். நான் இல்லாததால் பழவேற்காட்டு டவுனிலிருந்து மாசிலாமணி வாத்தியாரைக் கூட்டி வந்து, கற்பூரம் ஏற்றி, எல்லாரும் கைகூப்பி நின்றிருக்கிறார்கள். வாத்தியார் கோயில் பிரசங்கத்துக்கு வாசித்துப் பழகியவர். கையில் கொடுத்ததை நிறுத்தாமல், கணீரென்று, கடைசி வரை வாசிப்பார். ‘அந்தரங்கமாக’ என்பதில் ஆரம்பித்து ‘கிழித்துவிடவும்’ வரை வாசித்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது ஊர் கூடி முடிவே சொல்லியாகிவிட்டது. காந்தா என்ன காரணம் சொன்னாளென்று நீங்கள் எழுதவில்லை. ஊர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. எழுதுவது அவள், பெயர் வாங்குவது நீங்கள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? திருவேங்கடம் எழுந்து, “பாடு யார்துதோ மீனும் அவங்கள்து. இதுல பேச இன்னா கீது?” என்றிருக்கிறார். அடுத்தவர் பாட்டில் மீன் எடுத்தவனுக்கு எங்கள் ஊரில் என்ன செய்வோமோ அதையே உங்களுக்கும் செய்ய முடிவு. காந்தா என்று பெயர் போட்டு நறுக்கு வரும்வரை உங்கள் கடைப் புத்தகம் ஊருக்குள் இறங்காது. புத்தகப் பாடும் நிறுத்தம்.

எனக்கு உங்கள்மேல் கோபமில்லை. வருத்தம்தான். படித்துச் சொல்ல வராது என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்குமே சங்கடமாக இருந்தது. நான் நேரில் வந்து காந்தாவைப் பார்ப்பதுதான் முறை. ஆனால் அடுத்த வாரம் என் பாடு. விட்டால் இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். ஆகவே எழுத்தில் சொல்கிறேன். பெயரைப் போடுங்கள், அவள் எழுதுவாள்.

கங்காதரன்


தாரண வருஷம், பங்குனி 11
முத்தியாலுப்பேட்டை

மச்சானுக்கு,

காந்தா சௌக்கியம். நானும்.

உங்கள் ஊர்த் தீர்ப்பை மதித்து நடந்திருக்கிறேன். வேதாசலம் அவர்களிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை தம் நூலைப் புகழ்வது புதுமையாக இருக்கும், பெயரைப் பெரிய எழுத்தில் போடலாம் என்றார். இதனுடன் திறவுகோல் ஒன்று, நறுக்கோடு வருகிறது. வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து போகிறேன்.

ராஜவேலு


பார்த்திப வருஷம், சித்திரை 24
கோட்டைக்குப்பம்

தங்கச்சி காந்தாவுக்கு அண்ணன் ஆசீர்வதித்து எழுதுவது.

உனக்கென்று நான் எழுதும் முதல் கடிதம் இது. உனக்குப் படிக்கத் தெரியுமென்று தெரிந்தும் இத்தனை நாள் மாப்பிள்ளைக்கே எழுதிக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். உன் கையிலேயே கொடுக்கச் சொல்லிப் பொன்னுரங்கத்திடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இங்கே கோட்டையை ஆளும் உலாந்தாக்காரன் கொடி அடுத்த மாதம் இறங்கிக் கும்பனியார் கொடி ஏறுமாம். டவுனில் அதே பேச்சு. குப்பத்தில் உன் பேச்சு.

உன் பெயர் போட்ட நறுக்கு வந்த அன்று முனியம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நம் குப்பத்துப் பெண்ணின் பெயர் அச்சில் வந்தது இதுதான் முதல் தடவை. நான் வாசித்தேன். ‘ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டிய அருமையான நூல். அறிவை வளர்க்கும். படிப்போர் யாவரும் பெரும்பயன் அடைவர். காந்தா.’ யாரும் சிரிக்கவில்லை. பெரிய இடத்துக்கு எழுதும்போது இப்படித்தான் எழுதுவார்களென்று வேலம்மாள் சொன்னாள்.

பதினோரு நாள் வாசித்தேன். விடியலில் எழவேண்டும், பொய் சொல்லக்கூடாது, பெரியவர் எதிரே கால் நீட்டக்கூடாது. முந்நூறு பக்கமும் இதுதான். மூன்றாம் நாள் எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் ஒருவர் எழுந்து போகவில்லை, காந்தா. முதல் புத்தகத்தில் மணல்திட்டு தாண்டியதும் ஆழம் வந்ததே, அதுபோல இதிலும் வருமென்று உட்கார்ந்திருந்தார்கள். கடலுக்குப் போகவேண்டிய நாளில்கூட இரண்டு பேர் போகாமல் வந்தார்கள். யாராவது முணுமுணுத்தால், “காந்தா சொல்லிக்கீறா, வரும். கம்முனு இரு” என்று முனியம்மா அடக்கினாள்.

கடைசிப் பக்கமும் முடிந்தது. ஒன்றும் வரவில்லை. முனியம்மா வலையைச் சுருட்டிக்கொண்டே, “எனக்குத்தான் புத்தி பத்தல” என்றாள். நேற்றிலிருந்து கொட்டகைக்கு வரவில்லை.

நீ அதில் எதைப் பார்த்தாய்? எந்தப் பக்கம் என்று மட்டும் எழுது. அந்த இடத்தை மறுபடி வாசிக்கிறேன். நான்தான் சரியாக வாசிக்கவில்லையோ என்னவோ.

உன் அண்ணன்,
கங்காதரன்


பார்த்திப வருஷம், வைகாசி 13
முத்தியாலுப்பேட்டை

அண்ணனுக்கும் அண்ணிக்கும் காந்தா வணக்கம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. தலைவலி எனக்கு எப்போதும் வந்ததில்லை. கடிதம் கைக்கு வந்தது. பொன்னுரங்கம் சத்தியத்தைக் காப்பாற்றினான், கருவாட்டைத்தான் விட்டுவிட்டான்.

அந்த நறுக்கு நான் எழுதியது இல்லை. பெயர் மட்டும் என்னுடையது. அதை நான் முதன்முதலில் பார்த்ததே உங்கள் கடிதத்தில்தான். திறவுகோல் பிரதிகளை அங்கே அச்சுக்கூடத்திலேயே கட்டிவிட்டார்கள், என் கைக்கு வரவில்லை.

உங்கள் மாப்பிள்ளை எழுத மனமில்லை என்றாரே, அந்தக் காரணத்தை நான் எழுதுகிறேன். புத்தகம் நன்றாக இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான். பெயர் வேண்டுமென்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கடையில் யாராவது நறுக்கை வாசித்துவிட்டுச் சிரிக்கும்போது உள்ளே தாள் மடித்துக்கொண்டு கேட்டிருப்பேன், அது போதுமாக இருந்தது. நீங்கள் கற்பூரம் ஏற்றி வாசிக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு ஒரு வரி எழுத இரண்டு நாள் ஆயிற்று. தப்பான புத்தகத்தைச் சொல்லி உங்களை உட்கார வைத்துவிடக்கூடாதே என்று பயம். அந்தப் பயத்தில்தான் பேனாவை வைத்தேன்.

நீங்கள் எல்லாரும் எனக்காகக் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னீர்கள். என்மேல் உள்ள பிரியத்தால் செய்தது, தெரியும். அவரும் அவருக்குத் தெரிந்த வழியில் கூரையைத் தேடினார். அவர்மேல் கோபம் இருக்கிறது, இல்லையென்று எழுதமாட்டேன். ஆனால் உன் காரணம் என்ன என்று அவர் ஒருவர்தான் என்னைக் கேட்டார். நீங்கள் கேட்கவில்லை, அண்ணா. உங்கள்மேல்தான் எனக்கு அதிக வருத்தம்.

இப்போது அவர் பகலெல்லாம் அச்சுக்கூடத்தில். கடையில் நான் உட்காருகிறேன். போன வெள்ளிக்கிழமை ஒருவர் வந்து, திறவுகோலுக்கு நறுக்கு எழுதிய காந்தா நீங்கள்தானா, வாங்கலாமா என்று கேட்டார். நான் எழுதவில்லை, வாங்காதீர்கள் என்றேன். விஷயம் அச்சுக்கூடம் வரை போய்விட்டது. உங்கள் மாப்பிள்ளை என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது. வேலை நிற்குமா போகுமா தெரியாது. போனால் கூரைக்கு ஓலை போட்டுக்கொள்ளலாம்.

இந்தத் தடவை புத்தகம் அனுப்பவில்லை. புத்தகப் பாட்டை மறுபடி வைப்பதும் வைக்காததும் ஊர் இஷ்டம். இனி என் பெயரைப் பார்த்து எதையும் கேட்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாலு பக்கம் வாசியுங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொட்டகையில் வாசிக்கலாம். ஆனால் அதற்கு முன் நீங்கள் முனியம்மா அத்தை வீட்டுக்கு நடந்து போய், முழங்கால் வலித்தாலும் போய், நான் சொன்னதாக இதைச் சொல்லவேண்டும். அத்தைக்குப் புத்தி போதாமல் இல்லை. அதே புத்தகத்தைப் படித்து எனக்கும் ஒன்றும் வரவில்லை.

காந்தா